பெட்டிக்குச் சாவி யாரிடம்?

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தேன். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்து போனில் எதையோ நீளமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு அடித்ததை எல்லாம் அழித்தார். கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, எழுதினதை எல்லாம் அழிச்சிட்டீங்க?"

"ஆபீஸ் குரூப் மாமா" என்றார். ஃபேஸ்புக் மாதிரியே, ஆனால் கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களாம். "இனிமே வாரத்துல நாலு நாள் ஆபீஸுக்கு வரணும்னு புது ரூல். கீழே 'உங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள்'னு போட்டிருக்காங்க. நாலாயிரம் பேர் பார்த்திருக்காங்க. எழுதினது ஒம்பது பேர். ஒம்பதும் 'நல்ல முடிவு', 'நன்றி சார்'."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"விடுங்க மாமா. எல்லாம் பேரோட பதிவாகும்."

எனக்கு எங்கள் கிளையின் ஆலோசனைப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அந்தக் கதையைக் கேட்டிருப்பீர்கள். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-இல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். மேலிடத்து உத்தரவுப்படி சுவரில் ஒரு மரப்பெட்டி மாட்டினார்கள். ஊழியர்கள் யோசனை எழுதிப் போடலாம், நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு என்று சுற்றறிக்கை. நவம்பர் மாதத்தில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும் பென்ஷன்காரர்கள் மாடிப்படி ஏறி வந்து கால்கடுக்க நிற்கிறார்கள், அந்த ஒரு மாதம் மட்டும் கீழே ஒரு மேஜையும் பெஞ்சும் போடலாம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, உள்ளே தள்ளினேன். மேனேஜர் மாற்றலாகிப் போனபோது பெட்டிச் சாவியும் அவரோடு போய்விட்டது. நாலு வருஷம் கழித்து வெள்ளையடிக்க வந்தவர் பெட்டியைக் கழற்றினார். பூட்டை உடைத்துப் பார்த்தால், ஆறு பஸ் டிக்கெட், ஒரு பீடிக்கட்டுக் காகிதம், என் கடிதம்.

இந்த ஆலோசனைப் பெட்டி எங்கள் வங்கி கண்டுபிடித்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 1898-லேயே இதைத் தொடங்கியது. அங்கே முதலில் பரிசு வாங்கிய யோசனை, ஜன்னல்களைக் கழுவினால் வேலை செய்யும் இடத்தில் வெளிச்சம் வரும் என்பதுதான். எழுதிய தொழிலாளிக்கு 2 டாலர் கொடுத்தார்களாம். ஐ.பி.எம். கம்பெனி 1928-இல் தன் தொழிற்சாலைகளில் இதே மாதிரி யோசனைத் திட்டம் கொண்டுவந்தது. பிற்பாடு, பெயர் வெளியே தெரியாமல் மேலதிகாரியைக் கேள்வி கேட்டு எழுத 'ஸ்பீக் அப்' என்று ஒரு ஏற்பாடும் அங்கே இருந்தது. 1980-களின் தொடக்கத்தில், நாமெல்லாம் டிரங்க் கால் போட்டுக் காத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கம்பெனி எஞ்சினியர்கள் தங்கள் உள் நெட்வொர்க்கில் எழுதி எழுதி விவாதம் நடத்தினார்கள்.

ஐ.பி.எம். கதையை இவ்வளவு தூரம் இழுக்கக் காரணம் இருக்கிறது. 2005-இல் எங்கள் வங்கியின் பயிற்சிக் கல்லூரிக்குப் பத்து நாள் வகுப்புக்குப் போயிருந்தபோது, ஒரு பேராசிரியர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ பத்திரிகையில் 2004 டிசம்பரில் வந்த ஒரு பேட்டியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பேட்டி கொடுத்தவர் அப்போது ஐ.பி.எம். தலைவராக இருந்த சாம் பால்மிசானோ. வகுப்பில் கொடுத்த மற்றக் காகிதங்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. இந்த ஜெராக்ஸ் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

விஷயம் இதுதான். 1990-களின் ஆரம்பத்தில் அந்தக் கம்பெனி மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. 1993-இல் மட்டும் நஷ்டம் 800 கோடி டாலர். லூ கெர்ஸ்ட்னர் என்பவரை வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரு காலத்தில் 4 லட்சம் பேர் இருந்த இடத்தில் 1994-இல் மிஞ்சியது சுமார் 2.2 லட்சம். 'இங்கே சேர்ந்தால் கடைசிவரை வேலை' என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. கம்பெனி பிழைத்துக்கொண்டது. 2002 மார்ச்சில் பால்மிசானோ தலைவரானார். ஸ்தாபகர் தாமஸ் வாட்சன் காலத்து மூன்று கொள்கைகள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன: தனிமனிதருக்கு மரியாதை, வாடிக்கையாளருக்குச் சேவை, எதிலும் சிறப்பு. அவற்றை யார் இப்போது நம்புகிறார்கள் என்ற கேள்வி வந்தது. அதை ஊழியர்களிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

2003 ஜூலை 29-ஆம் தேதி ஆரம்பித்து 72 மணி நேரம், கம்பெனியின் உள் நெட்வொர்க்கில், உலகம் முழுக்க உள்ள 3,19,000 ஊழியர்களும் எழுதலாம். 'வேல்யூஸ் ஜாம்' என்று பெயர். ரொட்டியில் தடவுகிற ஜாம் என்று நான் முதலில் நினைத்தேன். ஜாஸ் வாத்தியக்காரர்கள் முன்னேற்பாடில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதற்கு அந்தப் பெயராம். நம் ஊரில் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்லாமல் எழுத வழியில்லை. எல்லாம் பெயரோடுதான். மாப்பிள்ளை பயந்த அதே விஷயம்!

முதல் நாள் வந்தது கச்சேரி இல்லை, கல்லெறி. கம்பெனிக்கு இன்று பங்கு விலையைத் தவிர வேறு எந்த மதிப்பும் கிடையாது என்று எழுதினார்கள். நம்பிக்கை என்று பேசுகிறீர்கள், தணிக்கைக்கு மேல் தணிக்கை வைக்கிறீர்கள் என்ற தோரணையில் எழுதினார்கள். ஒரு பெரிய அதிகாரிக்குப் பயம் வந்து, இதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றாராம். பால்மிசானோ மறுத்துவிட்டார். இரண்டாவது நாள் காற்று கொஞ்சம் திரும்பியது. திட்டியவர்களுக்கு மற்ற ஊழியர்களே பதில் எழுத ஆரம்பித்தார்கள். சிலர் கம்பெனிக்காக வாதாடினார்கள், சிலர் சரி, என்ன செய்யலாம் என்று கேட்டார்கள்.

மூன்று நாள் முடிவில் கணக்குப் பார்த்தால், உள்ளே வந்து பார்த்தவர்கள் சுமார் 50,000 பேர். வந்து விழுந்த கருத்துகள் கிட்டத்தட்ட 10,000. அதாவது ஆறு பேரில் ஒருவர் எட்டிப் பார்த்திருக்கிறார். எழுதியவர்கள் அதிலும் கொஞ்சம் பேர். உலகிலேயே பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, எல்லோர் மேஜையிலும் மெஷின், தலைவரே எழுது எழுது என்று கூப்பிடுகிறார், அப்படியும் இவ்வளவுதான். எங்கள் பயிற்சி வகுப்பில் இந்த எண்ணைப் பார்த்ததும் பின் வரிசையில் இருந்த ஒரு ஹெட் கேஷியர், "நம்ம யூனியன் ஜெனரல் பாடிக்கு இதைவிடக் கூட்டம் வரும் சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். பெயர் போட்டு, தலைவர் பார்க்க, கம்பெனியைத் திட்டி எழுத ஒருவர் துணிந்தால், அதே எண்ணத்தை மனசில் வைத்துக்கொண்டு எழுதாமல் போன பத்துப் பேராவது அவர் பின்னால் இருப்பார்கள்.

பேட்டியில் என்னை உட்காரவைத்த இடம் அடுத்து வருகிறது. பால்மிசானோ அந்தக் கருத்துகளை எல்லாம் அச்சடித்துக் காகிதக் கட்டாக ஒரு வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துப் போனார். உட்கார்ந்து படித்தார். திங்கட்கிழமை மேலதிகாரிகள் கூட்டத்துக்குப் போய்க் கட்டைத் தூக்கிப் போட்டு, இதில் ஒவ்வொன்றையும் நீங்கள் படித்தாக வேண்டும் என்றார். சுருக்கம் எடுத்துக் கொடுக்கக் கம்ப்யூட்டர் நிரல் கையில் இருந்தும் அவரே உட்கார்ந்து படித்திருக்கிறார். பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்பது ஊழியர்களுக்குத் தெரிந்தது.

அந்த நவம்பரில் புதிய மூன்று கொள்கைகள் வந்தன: ஒவ்வொரு வாடிக்கையாளரின் வெற்றிக்கும் பாடுபடுவது, கம்பெனிக்கும் உலகத்துக்கும் பயன்படும் புதுமை, எல்லா உறவுகளிலும் நம்பிக்கையும் பொறுப்பும். வாசகங்கள் என்னவோ எந்தக் கம்பெனி சுவரிலும் தொங்கக் கூடியவைதான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு காரியம் செய்தார்கள். களத்தில் இருக்கும் சின்ன மேனேஜர்கள் வருஷத்துக்கு 5,000 டாலர் வரை யாரையும் கேட்காமல் செலவு செய்யலாம் என்றார்கள். முதலில் 700 குழுக்களில் வெள்ளோட்டம், பிறகு 22,000 மேனேஜர்களுக்கும். அன்றைய மதிப்பில் தலைக்கு இரண்டேகால் லட்சம் ரூபாய். எங்கள் கிளையில் ஒரு கால்குலேட்டர் வாங்க மண்டல அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதிய எனக்கு இதைப் படித்தபோது ஏக்கமாகவே இருந்தது.

ரொம்ப நாள் இந்தக் கதையை நான் இதோடு முடித்துத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆன பிறகு பொழுது கிடைத்ததும் மற்றப் பாதியைத் தேடிப் படித்தேன். அந்தப் பாதி பென்ஷன் சம்பந்தப்பட்டது. நாம் விடுவோமா?

1999 மே மாதம் ஐ.பி.எம். தன் அமெரிக்க ஊழியர்களின் பென்ஷன் திட்டத்தை மாற்றப் போவதாக அறிவித்தது. பழைய திட்டத்தில், நம்முடையதைப் போலவே, சர்வீஸும் கடைசிக் காலச் சம்பளமும் சேர்ந்துதான் பென்ஷன். அதனால் பெரும் பங்கு கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்தில்தான் சேரும். புதிய திட்டத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கணக்கு, அதில் வருஷா வருஷம் சம்பளத்தில் 5 சதவீதம் வரவு, அதற்கு வட்டி. இளைஞருக்குப் பாதகமில்லை. இருபது வருஷம் உழைத்துவிட்டு, இனிமேல்தான் பென்ஷன் ஏறும் என்று காத்திருந்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு இடி. ஓய்வு பெறும் நிலையில் இருந்தவர்கள் மட்டும் பழையதிலேயே இருக்கலாம் என்றார்கள்.

இந்த ஊழியர்களில் எத்தனை பேர் எஞ்சினியர்கள்! கம்பெனி சொன்ன கணக்கை நம்பாமல் அவர்களே கணக்குப் போட்டார்கள். போட்ட கணக்கை எங்கே பகிர்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். உலகத்துக்கே நெட்வொர்க் விற்கிற கம்பெனி, உள்ளே அருமையான வசதி. அதை விட்டுவிட்டு, வெளியே யாஹூவில் ஒரு குழு தொடங்கினார்கள். புனைபெயர்களில், ராத்திரி வீட்டிலிருந்து, தங்கள் சொந்த மெஷினில் எழுதினார்கள். சங்கமே இல்லாத கம்பெனியில் அந்த வருஷம் 'அலையன்ஸ்' என்ற பெயரில் ஒரு சங்கம் முளைத்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ஐ.பி.எம்.முக்கு அப்போது பெரிய தொழிற்சாலை இருந்தது. அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் இதைக் கையில் எடுத்தார். செப்டம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. 40 வயதும் 10 வருஷ சர்வீஸும் ஆனவர்கள் பழைய திட்டத்திலேயே தொடரலாம் என்று சொல்லி, மேலும் 35,000 பேருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது.

கிடைக்காதவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வயதானவர்களைப் பாகுபடுத்தும் திட்டம் இது என்று இல்லினாய் மாநிலத்தில் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். தேதியைப் பார்த்ததும் நான் ஜெராக்ஸைத் தேடி எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். 2003 ஜூலை 31. வேல்யூஸ் ஜாம் நடந்துகொண்டிருந்த 72 மணி நேரத்துக்குள் வந்த தீர்ப்பு அது. ஒரு பக்கம் நெட்வொர்க்கில் 'நம்பிக்கை என்றால் என்ன' என்று மூன்று லட்சம் பேரைக் கேட்கிறார்கள். மறுபக்கம் அதே ஊழியர்கள் தொடுத்த வழக்கில் கம்பெனி தோற்கிறது.

அந்த ஜூலை நமக்கும் மறக்காது. பென்ஷன் சலுகைகள் குறைப்பை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ய, 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்ட மாதம். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது ஆகஸ்ட் 6. எங்கள் தெருவில் மூன்று ஆசிரியர் வீடுகள். அந்த வாரங்களில் சாயங்காலம் வாசலில் யாரும் உட்காரவில்லை. அமெரிக்காவில் அதே நாட்களில் என்ன நடந்தது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

ஐ.பி.எம். வழக்கு அப்புறம் இழுத்தது. 2004-இல் ஒரு பகுதிக் கோரிக்கைகளுக்காகக் கம்பெனி 32 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. மீதிக்கு மேல்முறையீடு. 2006 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. இதற்கிடையில் 2006 ஜனவரியில் வேறொரு அறிவிப்பு: 2007 முடிவோடு அமெரிக்க ஊழியர்களுக்குப் பென்ஷன் சேர்வதே நிற்கும், அதற்குமேல் 401(கே) கணக்கு மட்டும்தான். நம் என்.பி.எஸ்.ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முடிவுக்கு முன்னால் ஊழியர்களைக் கூப்பிட்டு 72 மணி நேர ஜாம் எதுவும் நடத்தவில்லை. அதே வருஷம் ஜூலையில் புதிய தொழில்களுக்கு யோசனை கேட்டு ஒரு ஜாம் நடந்தது. அதில் ஊழியர்கள், குடும்பத்தார், வாடிக்கையாளர்கள் என்று ஒன்றரை லட்சம் பேர் கலந்துகொண்டார்கள்.

பால்மிசானோவை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காகிதக் கட்டைப் படித்தவர் அவர். எங்கள் வங்கியில் தலைமை அலுவலகம் 2000-களில் உள் நெட்வொர்க்கில் 'கருத்து மேடை' என்று ஒன்று திறந்தபோது நடந்ததையும் பார்த்தவன் நான். முதல் வாரம் ஒரு கிளார்க், காலை பத்து மணிக்கு சாஃப்ட்வேர் நின்றுவிடுகிறது, கவுண்டரில் அடி வாங்குவது நாங்கள் என்று எழுதினார். உண்மையைத்தான் எழுதினார். பதினைந்து நாளில் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ. அதன் பிறகு மேடையில் பொங்கல் வாழ்த்தும், ஓய்வு பெறுபவர்களுக்குப் பாராட்டும் மட்டும். ஒரு தீபாவளிக்கு நானே ஒரு வாழ்த்துப் போட்டேன், மண்டல மேலாளர் பதில் வாழ்த்துப் போட்டார். மெமோ வாங்கியவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட. இப்போது நினைத்தால் அந்த வாழ்த்துதான் உறுத்துகிறது.

எங்கள் பென்ஷன் விஷயத்திலும் மேடையில் எழுதி எதுவும் கிடைக்கவில்லை. 1995-இல் பென்ஷனா பி.எஃப்.பா என்று விருப்பப் படிவம் கொடுத்தபோது, பி.எஃப். என்று எழுதிக்கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! 2010-இல் இரண்டாவது வாய்ப்பு வந்தது. அது சங்கங்கள் வருஷக்கணக்காகப் பேசிப் பேசி வாங்கியது. மெஸ்களிலும், டீக்கடைகளிலும், ரயில் பயணங்களிலும் ஊழியர்கள் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. மேடையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு அன்று ராத்திரியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். யாஹூ குழு விஷயம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புனைபெயர்லயா எழுதினாங்க மாமா?"

"ஆமா. வீட்டு மெஷின்ல."

சிரித்தார். போனை எடுத்துக் காட்டினார். ஆபீஸ் குரூப் இல்லை, வேறு ஒரு வாட்ஸ்அப் குழு. பெயர் 'சாம்பார் சாதம்'. அவர் டீமில் இருக்கும் பதினேழு பேர், மேனேஜர் கிடையாது. ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், இன்னொருவர் ஓசூரிலிருந்து தினம் மூன்று மணி நேரம் பஸ். நாலு நாள் எப்படி வருவது என்று எல்லோரும் அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழித்த அதே வரிகளை அங்கே மறுபடி டைப் அடித்தார். இந்த முறை அழிக்கவில்லை.

நான் படுக்கப் போய் விளக்கை அணைத்த பிறகும் ஹாலில் போன் அதிர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் மகள்தான் எழுந்து வந்து, "எல்லாரும் தூங்குங்கப்பா, நாளைக்கு ஆபீஸ் போகணும்" என்று சொல்லிப் போனைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.